மாறி கண் முன்னால் இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மூன்றாம் வரியில் ஒரு மாறிக்கு மதிப்பு கொடுத்திருக்கிறோம். ஒன்பதாம் வரியில் அதைப் படிக்கப் போனால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நிரல் நின்றுவிடுகிறது. எழுத்துப் பிழையா என்று நாலு தரம் பார்த்தாகிவிட்டது. பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்து எல்லோரும் செய்வது, அங்கங்கே பிரிண்ட் வரிகளைத் தூவி மதிப்பு என்ன என்று பார்ப்பது. நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். பாதி நேரம் அதனால் பயனில்லை. சிக்கல் மதிப்பில் இருக்காது. அந்தப் பெயரை மொழி எங்கே போய்த் தேடியது, எப்போது தேடியது என்பதில் இருக்கும்.

இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கும். ரூபி, லுவா, பாஷ் முதலியவை நடுவில் வந்து போகும். நிரல் துண்டுகளில் மொழியின் சொற்களையும் தமிழெழுத்தில்தான் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது அந்தந்த மொழியின் சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பைத்தான் ஒரு பெயரைத் தேடும் வரிசை இது: முதலில் அந்த ஃபங்ஷனின் சொந்த மாறிகள், அடுத்து அதைச் சுற்றியிருக்கும் ஃபங்ஷன்கள், அடுத்து அந்த ஃபைலின் மேல்மட்டம், அதாவது மாட்யூல், கடைசியாக மொழியோடு வரும் உள்ளமைந்த பெயர்கள். கிளாஸ் இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொரு விஷயமும் முக்கியம். ஒரு பெயரை எந்த மட்டத்தில் தேடுவது என்பது நிரலை வாசிக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடும். அங்கே என்ன இருக்கிறது என்பதை மட்டும் அந்த வரி ஓடும் நொடியில் பார்க்கும். அதனால்தான் கீழே எழுதப்போகும் ஃபங்ஷனை மேலே உள்ள ஃபங்ஷனுக்குள்ளிருந்து கூப்பிட முடிகிறது.

அறிகுறி: "வெளியே மதிப்பு கொடுத்தேன், ஃபங்ஷனுக்குள் இல்லை என்கிறது"

பைத்தானில் அன்பவுண்ட்லோக்கல்எரர் என்று வரும். மிகச் சின்ன உதாரணம்:

எண்ணிக்கை = 0
டெஃப் கூட்டு():
    எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

கூட்டு() என்று கூப்பிட்டதும் விழும். வலதுபக்கத்தில் இருக்கும் எண்ணிக்கை வெளியே இருக்கும் 0 தானே என்று நமக்குத் தோன்றும். பைத்தானுக்கு அப்படித் தோன்றாது. ஃபங்ஷனை ஓட்டுவதற்கு முன்பே அதை முழுக்க வாசித்து, எந்தப் பெயருக்கெல்லாம் உள்ளே மதிப்பு வைக்கப்படுகிறதோ அவையெல்லாம் சொந்த மாறிகள் என்று குறித்துக்கொள்கிறது. அப்படிக் குறித்த பெயரை வெளியே போய்த் தேடாது. வலதுபக்கத்தைக் கணக்கிடும்போது சொந்த மாறியின் இடம் காலியாக இருக்கிறது, அதனால் எரர். 3.11 பதிப்பிலிருந்து எரர் செய்தியின் வாசகமே இதை ஓரளவு சொல்கிறது: அந்த லோக்கல் மாறியோடு எந்த மதிப்பும் இணைக்கப்படவில்லை என்கிறது. பழைய பதிப்புகளில், மதிப்பு வைக்கும் முன்பே படித்துவிட்டாய் என்று வரும்.

இதில் ஏமாற்றும் விஷயம், மதிப்பு வைப்பது = குறியால் மட்டும் நடப்பதில்லை. ஃபார் லூப்பின் மாறி, வித் வரியில் ஆஸ் போட்டு வைக்கும் பெயர், உள்ளே எழுதும் இன்னொரு டெஃப், += குறி, டெல், இம்போர்ட் எல்லாமே அந்தப் பெயரைச் சொந்த மாறியாக்கிவிடும்.

இதில் நான் மாட்டிக்கொண்டது இம்போர்ட்டில். ஐம்பது வரி ஃபங்ஷன், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடைசியில், ஒரு இஃப்புக்குள், சோதனைக்காக இம்போர்ட் ஜேசான் என்று ஒரு வரி சேர்த்தேன். ஃபைலின் உச்சியில் அதே இம்போர்ட் ஏற்கெனவே இருந்தது. மறுநாள் ஃபங்ஷனின் நாலாவது வரியில் எரர், ஜேசான் என்ற மாறிக்கு மதிப்பு இல்லை என்று. நான் தொட்டதோ கடைசி வரி. அந்த இஃப்பின் நிபந்தனை நிறைவேறவே இல்லை, அந்த வரி ஓடவும் இல்லை. ஆனால் அந்த வரி அங்கே இருந்ததே போதும். ஜேசான் சொந்த மாறியாகிவிட்டது, நாலாவது வரி உச்சியில் இருக்கும் இம்போர்ட்டைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. அதற்குப் பிறகு, இந்த எரர் வந்தால் விழுந்த வரியைப் பார்ப்பதற்கு முன் அந்த ஃபங்ஷன் முழுவதிலும் அதே பெயரைத் தேடிப் பார்ப்பேன், குறிப்பாகக் கீழே.

கண்ணால் பிடிபடவில்லை என்றால் மொழியையே கேட்கலாம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் __கோட்__ என்ற ஒரு பண்பு உண்டு. அதிலுள்ள கோ_வார்நேம்ஸ் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அது சொந்த மாறி. கோ_ஃப்ரீவார்ஸில் இருந்தால் சுற்றியுள்ள ஃபங்ஷனிலிருந்து வருவது. கோ_நேம்ஸில் இருந்தால், அது ஒரு பொருளின் பண்பாக இல்லாதபட்சத்தில், மாட்யூல் மட்டத்திலோ உள்ளமைந்த பெயர்களிலோ தேடப்படுவது. டிஸ் மாட்யூலைக் கொண்டு ஃபங்ஷனை அதன் உள்கட்டளைகளாகப் பிரித்துப் பார்த்தாலும் தெரியும்: லோட்_ஃபாஸ்ட் என்று தொடங்கும் கட்டளை என்றால் சொந்த மாறி, லோட்_குளோபல் என்றால் வெளியே, லோட்_டீரெஃப் என்றால் பெரும்பாலும் சுற்றியுள்ள ஃபங்ஷன். சொந்த மாறிகளைப் பெயர் வைத்துத் தேடுவதே இல்லை, வரிசை எண் வைத்து நேராக எடுக்கிறது. குளோபலுக்கு டிக்‌ஷனரியில் பெயர் தேட வேண்டும். இந்த முன்முடிவுக்கு ஒரு காரணம் வேகம்தான்.

தீர்வு மூன்று. மதிப்பை ஆர்க்யூமென்ட்டாக வாங்கி, மாற்றியதை ரிட்டர்ன் செய்வது முதலாவது, நான் எப்போதும் சொல்வது. மாட்யூல் மட்டத்து மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்றால் ஃபங்ஷனின் தொடக்கத்தில் குளோபல் எண்ணிக்கை என்று அறிவியுங்கள். சுற்றியுள்ள ஃபங்ஷனின் மாறி என்றால் நான்லோக்கல். 2008-ல் வந்த பைத்தான் 3.0-ல்தான் இது சேர்ந்தது. அதற்கு முன்பு ஒரே ஒரு உறுப்பு கொண்ட பட்டியலை வைத்து அதன் 0-வது இடத்தை மாற்றிச் சமாளித்தார்கள். பழைய நிரல்களில் அந்த வினோதத்தைப் பார்த்தால் திகைக்காதீர்கள்.

அந்தத் தந்திரம் ஏன் வேலை செய்தது? பட்டியலுக்குள் இருப்பதை மாற்றுவது பெயருக்கு மதிப்பு வைப்பது ஆகாது. அதனால்தான் வெளியே உள்ள பட்டியலில் அப்பெண்ட் செய்தால் எந்தத் தொல்லையும் இல்லை; அதே பட்டியலுக்கு += போட்டால் எரர்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: எக்ஸெப்ட் வரியில் ஆஸ் போட்டுப் பிடித்த பிழையின் பெயரை, அந்தப் பகுதி முடிந்தபின் படித்தால் கிடைக்காது. பைத்தான் 3 அந்தப் பெயரைப் பகுதியின் முடிவில் அழித்துவிடுகிறது. பின்னால் வேண்டும் என்றால் உள்ளேயே வேறு பெயரில் எடுத்து வையுங்கள்.

பிஎச்பியிலும் ரூபியிலும் கதை இன்னும் நேரானது. பிஎச்பி ஃபங்ஷனோ ரூபியின் டெஃப்போ வெளியே உள்ள சாதாரண மாறிகளைப் பார்ப்பதே இல்லை, படிப்பதற்குக்கூட. பிஎச்பியில் குளோபல் அறிவிப்பு வேண்டும். ரூபியில் ஆர்க்யூமென்ட்டாகக் கொடுக்கலாம், அல்லது டெஃப்புக்குப் பதில் வெளியைப் பார்க்கும் பிளாக்கைப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: "எரரே வரவில்லை, ஆனால் மதிப்பு காலி"

என்னைக் கேட்டால் எரர் வருவது அதிர்ஷ்டம். அன்டிஃபைன்ட், நில், நல், வெற்றுச் சரம் என்று ஏதோ ஒன்று சத்தமில்லாமல் வந்து, பத்து ஃபங்ஷன் தாண்டி வேறெங்கோ வெடிப்பதுதான் துன்பம்.

ஜாவாஸ்கிரிப்டில் முதலில் வார் என்ற சொல்லைத் தேடுங்கள். வார் போட்டு அறிவித்த மாறியின் அறிவிப்பு மட்டும் ஃபங்ஷனின் உச்சிக்கு ஏறிவிடும், மதிப்பு எழுதிய இடத்திலேயே இருக்கும். நடுவில் படித்தால் அன்டிஃபைன்ட். வெளியே அதே பெயரில் மதிப்புள்ள மாறி இருந்தாலும், ஃபங்ஷனின் அடியில் ஒரு வார் இருந்தால் உள்ளே காலியானதுதான் கிடைக்கும். மேலே பார்த்த பைத்தான் கதையேதான், பைத்தான் கத்தும், வார் கத்தாது, அவ்வளவே வித்தியாசம். 2015 பதிப்பில் வந்த லெட், கான்ஸ்ட் இரண்டும் கத்தும்: தொடக்க மதிப்பு வைப்பதற்கு முன் அணுக முடியாது என்று ரெஃபரன்ஸ்எரர் வரும். வாரை லெட்டாக மாற்றிப் பாருங்கள். மறைந்திருந்த பிழை தானே வெளியே வரும்.

அடுத்தது எழுத்துப் பிழை. அறிவிக்காத பெயருக்கு மதிப்பு வைத்தால் பழைய ஜாவாஸ்கிரிப்ட் அதைக் குளோபல் பொருளில் புதிதாக உருவாக்கிவிடும். 2009-ல் வந்த ஸ்ட்ரிக்ட் முறை இதை எரராக்கியது. இம்போர்ட், எக்ஸ்போர்ட் போட்டு எழுதும் இஎஸ் மாட்யூலுக்குள்ளும் கிளாஸுக்குள்ளும் அந்த முறை தானாகவே அமலில் இருக்கும். லுவாவில் லோக்கல் என்று சொல்லாத எதுவும் குளோபல். இல்லாத குளோபலைப் படித்தால் நில். இதற்கு அங்கே ஒரு நல்ல வழி உண்டு: _ஜி என்ற குளோபல் டேபிளுக்கு, அதன் நடத்தையை மாற்றும் ஒரு மெட்டாடேபிள் வைத்து, இல்லாத பெயரைப் படித்தாலோ எழுதினாலோ எரர் எறியச் சொல்லலாம். பாஷில் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் செட் கட்டளையால், இல்லாத மாறியைப் படித்தால் எரர் தரும் நவுன்செட் விருப்பத்தை இயக்கிவிடுங்கள்.

ரூபியில் ஒரு விசித்திரம். ஒருபோதும் ஓடாத இஃப்புக்குள் ஒரு மாறிக்கு மதிப்பு வைத்துவிட்டு, கீழே அதைப் படித்தால் எரர் வராது, நில் வரும். ஓடாத வரியையும் ரூபி வாசித்து, பெயரைக் குறித்துக்கொண்டுவிட்டது. என் ஜேசான் கதையின் ரூபி வடிவம் இது.

பொருளின் பண்புகள் தனி. ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத பண்பைப் படித்தால், அந்தப் பொருள், அதன் ப்ரோட்டோடைப், அதற்கும் மேலே என்று சங்கிலி முழுக்கத் தேடிவிட்டு அன்டிஃபைன்ட் தரும். ஸ்ட்ரிக்ட் முறை இதற்கு உதவாது. பைத்தானில் படித்தால் எரர் வரும், ஆனால் எழுதினால் வராது. செல்ஃப்.எண்ணிக்கை என்பதற்குப் பதிலாக செல்ஃப்.எண்ணிகை என்று எழுதினால் புதிதாக ஒரு பண்பு உருவாகிவிடும். கிளாஸில், அனுமதித்த பண்புகளைப் பட்டியலிடும் __ஸ்லாட்ஸ்__ போட்டு இதை அடைக்கலாம், இருந்தாலும் இதற்காக மட்டும் அதைப் போடுவது எனக்கு அதிகப்படியாகத் தோன்றுகிறது.

அறிகுறி: "லூப்பில் செய்த ஃபங்ஷன்கள் எல்லாம் கடைசி மதிப்பையே சொல்கின்றன"

மூன்று பட்டன்கள் செய்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன். எதை அழுத்தினாலும் மூன்றாவது பட்டனின் வேலையே நடக்கிறது.

செயல்கள் = []
ஃபார் எண் இன் ரேஞ்ச்(3):
    செயல்கள்.அப்பெண்ட்(லாம்டா: எண்)

இந்த மூன்றையும் கூப்பிட்டால் 2, 2, 2. ஜாவாஸ்கிரிப்டில் வார் வைத்து எழுதிய லூப்புக்குள், ஃபங்ஷனைச் சற்றுப் பிறகு ஓடவைக்கும் செட்டைம்அவுட் போட்டால் 3, 3, 3 வரும். அங்கே லூப் நிற்பதற்கு முன் எண் ஒரு படி கூடிவிடுகிறது. பலரும் இதை மொழியின் பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை. லாம்டா, அதாவது பெயரில்லாத அந்தச் சின்ன ஃபங்ஷன், உருவான நேரத்தில் எண்ணின் மதிப்பை எடுத்து வைக்கவில்லை. எண் என்ற பெயரை எங்கே தேட வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. கூப்பிடும்போதுதான் போய்ப் பார்க்கிறது, அதற்குள் லூப் முடிந்துவிட்டது. "எங்கே" சரி, "எப்போது" என்பதில்தான் நாம் ஏமாந்தோம்.

உங்கள் சிக்கல் இதுதானா என்று உறுதி செய்ய எளிய வழி: லூப்புக்குள்ளேயே, ஃபங்ஷனை உருவாக்கிய கையோடு கூப்பிட்டுப் பாருங்கள். அப்போது 0, 1, 2 வந்து, வெளியே கூப்பிட்டால் எல்லாம் ஒன்றாக வந்தால் இதுதான். மாட்யூல் மட்டத்தில் எழுதியிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: லூப்புக்குக் கீழே எண் = 99 என்று வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், மூன்றும் 99 சொல்லும்.

பைத்தானில் வழக்கமான தீர்வு, லாம்டா எண்=எண்: எண் என்று எழுதுவது. ஆர்க்யூமென்ட்டின் இயல்பு மதிப்பு, ஃபங்ஷனை உருவாக்கும்போதே ஒரே ஒரு தடவை கணக்கிடப்படும். ஆகவே அந்த நேரத்து எண் உள்ளே தங்கிவிடும். பார்க்க அழகாக இல்லை என்பது உண்மை. ஃபங்டூல்ஸ் மாட்யூலின் பார்ஷியல், அல்லது எண்ணை வாங்கி ஒரு புதிய ஃபங்ஷனைத் திருப்பித் தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்று, இவை இன்னும் தெளிவானவை. ஜாவாஸ்கிரிப்டில் வாரை லெட் ஆக்கினாலே போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் லெட் புது மாறி ஒன்றைத் தருகிறது. டைப் கறாரான மொழிகளும் இதில் தப்பவில்லை. கோ மொழி 2024-ல் வந்த 1.22 பதிப்பில்தான் லூப் மாறியைச் சுற்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டது.

இயல்பு மதிப்பு ஒரு தடவைதான் கணக்கிடப்படும் என்ற அதே குணம் இன்னொரு பக்கம் கடிக்கும். டெஃப் சேர்(பொருள், பட்டியல்=[]) என்று எழுதினால், எல்லா அழைப்புகளுக்கும் ஒரே பட்டியல்தான். புதுசு வேண்டும் என்றால் இயல்பு மதிப்பாக நன் என்ற வெறுமதிப்பை வைத்து, உள்ளே சோதித்து உருவாக்குங்கள்.

அறிகுறி: "மாதக்கணக்கில் ஓடிய நிரலில் திடீரென நேம்எரர்"

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. குளோபல் பெயர் இருக்கிறதா என்பது அந்த வரி ஓடும்போது மட்டுமே தெரியும். அரிதாக ஓடும் எல்ஸ் பகுதியிலோ பிழை கையாளும் பகுதியிலோ பெயர் தப்பாக இருந்தால், அந்த நாள் வரும்வரை யாருக்கும் தெரியாது. பைஃப்ளேக்ஸ், ஜாவாஸ்கிரிப்டுக்கு இஎஸ்லின்ட் மாதிரியான கருவிகள் நிரலை ஓட்டாமலே இதைக் காட்டிவிடும். பிழை கையாளும் வரிகளுக்கு டெஸ்ட் எழுத யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அதனால் கருவியையாவது வையுங்கள்.

அறிகுறி: "லிஸ்ட் என்பதைக் கூப்பிட முடியாது என்கிறது"

நேற்று வரை லிஸ்ட்() வேலை செய்தது. இன்று டைப்எரர், லிஸ்ட் வகைப் பொருளைக் கூப்பிட முடியாது என்று. யாரோ, பெரும்பாலும் நாமேதான், லிஸ்ட் என்ற பெயரில் ஒரு மாறி வைத்திருக்கிறோம். தேடல் வரிசையில் உள்ளமைந்த பெயர்கள் கடைசி. மாட்யூல் மட்டத்தில் அதே பெயர் இருந்தால் அங்கேயே தேடல் நின்றுவிடும். மேக்ஸ், சம், இன்புட், ஐடி, ஸ்ட்ர் எல்லாமே இப்படி மாட்டும்.

ஜூப்பிட்டர் நோட்புக்கில் இது இன்னும் குழப்பும். அந்த வரியை அழித்த பிறகும் எரர் போகாது, ஏனென்றால் செல்லை அழித்தாலும் மாறி நினைவில் இருக்கிறது. டெல் லிஸ்ட் என்று ஓட்டினால் மேலே மறைத்திருந்தது போய், அடியில் உள்ள அசல் தெரியும். இல்லாவிட்டால் கெர்னலை மறுபடி தொடங்குங்கள்.

இதே மறைப்பு ஃபைல் அளவிலும் நடக்கும். உங்கள் ஃபைலுக்கு ரேண்டம் என்று பெயர் வைத்திருந்தால், இம்போர்ட் ரேண்டம் மொழியோடு வரும் மாட்யூலைக் கொண்டுவராது, உங்கள் ஃபைலைத்தான் கொண்டுவரும். பிறகு ரேண்டமில் அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று எரர் வரும். ரேண்டம்.__ஃபைல்__ என்பதை அச்சிட்டுப் பாருங்கள், பாதை உங்கள் ஃபோல்டரைக் காட்டினால் ஃபைலின் பெயரை மாற்றுங்கள்.

ஆர் மொழி மட்டும் இதில் கொஞ்சம் கருணை காட்டும். அங்கே சி என்பது மதிப்புகளைக் கோக்கும் ஃபங்ஷன். சி என்ற பெயரில் ஒரு எண்ணை வைத்துவிட்டு சி(1, 2) என்று கூப்பிட்டாலும் வேலை செய்யும். கூப்பிடும் இடத்தில் பெயரைத் தேடும்போது ஃபங்ஷன் அல்லாதவற்றை ஆர் தாண்டிப் போய்விடும்.

அறிகுறி: "அந்த ஃபைலில் மாற்றினேன், இந்த ஃபைலில் பழையதே இருக்கிறது"

ஃப்ரம் அமைப்பு இம்போர்ட் மொழி என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். இந்த வரி, அமைப்பு மாட்யூலில் மொழி என்ற பெயர் அந்த நொடியில் எதைச் சுட்டியதோ அதை எடுத்து, உங்கள் மாட்யூலில் ஒரு தனிப் பெயராக வைக்கிறது. அங்கே பிறகு மொழிக்கு வேறு மதிப்பு வைத்தால் இங்கே தெரியாது. இம்போர்ட் அமைப்பு என்று மட்டும் எழுதி, பயன்படுத்தும் இடத்திலெல்லாம் அமைப்பு.மொழி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடும்.

டெஸ்ட்டில் மாக், அதாவது அசலுக்குப் பதில் வைக்கும் போலி, வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களிலும் இதை முதலில் பார்க்கலாம். ஃபங்ஷன் எழுதப்பட்ட மாட்யூலில் பேட்ச் செய்திருப்பார்கள், அதாவது அங்கே போலியை மாட்டியிருப்பார்கள். பயன்படுத்தும் மாட்யூலோ தன் சொந்தப் பெயரில் அசலைப் பிடித்து வைத்திருக்கும். பெயர் தேடப்படும் இடத்தில் பேட்ச் செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் இஎஸ் மாட்யூல்கள் இதில் நேர் எதிர்: அங்கே இம்போர்ட் செய்த பெயர் அசலோடு உயிருள்ள தொடர்பு வைத்திருக்கும், அங்கே மாறினால் இங்கேயும் மாறும். இரண்டு மொழியிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் இதில் தடுக்கி விழாமல் இருப்பது கடினம்.

அறிகுறி: "கிளாஸில் வைத்த பெயரை மெத்தட் காணவில்லை"

கிளாஸ் தேடல் வரிசையில் இல்லை என்று சொன்னேன் அல்லவா? கிளாஸுக்குள் வரம்பு = 10 என்று வைத்து, மெத்தடுக்குள் வெறும் வரம்பு என்று கேட்டால் நேம்எரர். செல்ஃப்.வரம்பு என்றோ கிளாஸின் பெயரை வைத்தோ கேட்க வேண்டும். கிளாஸ் உடலில் நேரடியாக எழுதும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்கும் (சதுர அடைப்புக்குள் ஃபார் போட்டுப் பட்டியல் செய்வது) இதே கதி, ஒரு விதிவிலக்கோடு: முதல் இன் என்பதற்குப் பின் வரும் பட்டியல் மட்டும் கிளாஸ் மட்டத்தில் கணக்கிடப்படும். அதனால் பாதி பெயர் கிடைத்து பாதி கிடைக்காமல் போகும்போது மண்டை காயும்.

செல்ஃப் வழியாகக் கேட்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. படிக்கும்போது முதலில் அந்தப் பொருள், பிறகு கிளாஸ், பிறகு அதன் பெற்றோர் கிளாஸ்கள் என்று தேடல் போகும். எழுதும்போது பொருளில் மட்டுமே எழுதும். ஆகவே கிளாஸில் எண்ணிக்கை = 0 வைத்து, மெத்தடில் செல்ஃப்.எண்ணிக்கை += 1 போட்டால், கிளாஸிலிருந்து 0-ஐப் படித்து, பொருளில் 1 என்று எழுதும். கிளாஸின் எண்ணிக்கை என்றும் 0 தான். கிளாஸில் ஒரு பட்டியல் வைத்து செல்ஃப் வழியாக அப்பெண்ட் செய்தாலோ, எல்லாப் பொருள்களும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும். முதலாவதற்கு கிளாஸ் பெயரை வைத்து எழுதுங்கள், இரண்டாவதற்குப் பட்டியலை __இனிட்__ உள்ளே உருவாக்குங்கள்.

அறிகுறி: "யார் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது"

இதுவரை பார்த்தவற்றில் ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டது என்பதை வைத்துத் தேடல் நடந்தது. சில மொழிகளில், அல்லது சில மூலைகளில், யார் கூப்பிட்டது என்பதை வைத்து நடக்கும். பாஷ் ஃபங்ஷனில் லோக்கல் என்று அறிவித்த மாறியை, அந்த ஃபங்ஷன் கூப்பிடும் மற்ற ஃபங்ஷன்களும் பார்க்கும், மாற்றவும் செய்யும். பெர்லில் லோக்கல் இப்படித்தான். 1994-ல் பெர்ல் 5-உடன் வந்த மை என்ற சொல் எழுதிய இடத்தை வைத்துத் தேடுவது. பெர்லில் காரணமில்லாமல் மதிப்பு மாறினால் லோக்கல் இருக்கும் இடங்களில் மை போட முடியுமா பாருங்கள். பாஷில் அந்த வசதி இல்லை. உள்ளே கூப்பிடும் ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் மாறிகளைத் தானே லோக்கல் என்று அறிவித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்ககால லிஸ்ப் முழுவதும் இப்படித்தான் இருந்தது. ஃபங்ஷனை ஆர்க்யூமென்ட்டாக அனுப்பும்போது மாறிகள் தப்பான மதிப்பைக் காட்டின. இது சாதாரணப் பிழைதான், லிஸ்ப்பை நிரலாக்கிய ஸ்டீவ் ரசல் சீக்கிரம் சரிசெய்துவிடுவார் என்று தான் நினைத்ததாக லிஸ்ப்பை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தியே பிற்பாடு எழுதியிருக்கிறார். அது சாதாரணப் பிழையாக இல்லை. 1975-ல் லிஸ்ப்பின் கிளைமொழியான ஸ்கீம், அல்கால் 60 மொழியைப் போல, எழுதிய இடத்தை வைத்துத் தேடும் முறையை லிஸ்ப் உலகத்துக்குக் கொண்டுவந்தது. இமேக்ஸ் எடிட்டரின் லிஸ்ப் அதை ஒரு விருப்பமாக ஏற்றது 2012-ல், இமேக்ஸ் 24-ல்.

ஜாவாஸ்கிரிப்டின் திஸ் இந்த வகையில் எஞ்சி நிற்பது. மெத்தட் எந்தப் பொருளுக்காக ஓடுகிறதோ அதைச் சுட்டும் சொல் அது; மாறி இல்லை, ஆனால் கூப்பிடும் விதத்தைப் பொறுத்து மாறும். மெத்தடைப் பிரித்தெடுத்து வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் திஸ் தொலைந்துவிடும். பைண்ட் போடுங்கள், அல்லது ஏரோ ஃபங்ஷனில் சுற்றி அனுப்புங்கள்; ஏரோ ஃபங்ஷனில் திஸ் சாதாரண மாறி போலவே சுற்றியுள்ள இடத்திலிருந்து தேடப்படும்.

பாஷில் வேறொரு புகார் அடிக்கடி வரும்: வைல் லூப்புக்குள் எண்ணிக்கையைக் கூட்டினேன், வெளியே வந்தால் 0. லூப்புக்கு முன்னால் பைப் குறி இருந்தால், அந்த லூப் தனி துணை ஷெல்லில் ஓடுகிறது. அதன் மாறிகள் அதோடு போய்விடும். தேடலில் தப்பு இல்லை, நீங்கள் மாற்றியது வேறொரு பிரதியை. பைப்பை எடுத்துவிட்டு, லூப்பின் கடைசியில் < குறி போட்டு ஃபைலிலிருந்து படிக்கச் செய்யுங்கள்.

அறிகுறி: "இரண்டு பெயரும் ஒரே மாதிரி தெரிகிறது, ஒன்று கிடைக்கிறது, ஒன்று கிடைக்கவில்லை"

தமிழில் மாறிப் பெயர் வைப்பவர்களுக்கு அமையும் வாய்ப்பு இது. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறிகளாக, அல்லது க, எகரக் குறி, கால் என மூன்று குறிகளாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தான் நிரலை வாசிக்கும்போது பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது, அதனால் தப்பித்தீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் மாற்றாது, அதற்கு அவை இரண்டு வேறு மாறிகள். பைத்தானிலும் பெயரைச் சரமாகக் கொடுத்து கெட்அட்ர் வழியாகவோ டிக்‌ஷனரியிலோ தேடினால் இந்தத் திருத்தம் நடக்காது. அங்கெல்லாம் முதலில் நார்மலைஸ் ஃபங்ஷனால் சரத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தானில் அது யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் சரங்களுக்கே உண்டு.

மௌனம் என்பதும் மெளனம் என்பதும் வேறு கதை. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் குறியும் ளகரமும். இவற்றை எந்தத் திருத்தமும் ஒன்றாக்காது, பைத்தானும் இரண்டு பெயராகத்தான் பார்க்கும். சந்தேகம் வந்தால் இரண்டு பெயர்களையும் சரமாக வைத்து லென் கேளுங்கள். முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 6 வரும்.